காலி இடம் காட்டிய டிஸ்க்: ராயபுரம் அலுவலகம் ஒன்றில் விர்ச்சுவல் மெஷின் சேதமடைந்த நிகழ்வு

பின்னணி

சென்னை ராயபுரம் கல்மண்டபம் பக்கத்தில் இயங்கும் ஒரு சுங்கத் தரகு அலுவலகத்தில் நடந்தது இது. இறக்குமதியாளர்களுக்காக பில் ஆஃப் என்ட்ரி (இறக்குமதிச் சரக்குக்கான சுங்க ஆவணம்) தாக்கல் செய்வது, ஷிப்பிங் லைனிடம் டெலிவரி ஆர்டர் வாங்குவது, சரக்கை வெளியே எடுத்துக் கொடுப்பது என்று வருடம் முழுக்க வேலை இருக்கும் இடம். காசிமேடு ஜீரோ கேட் வழியாகத் துறைமுகத்துக்குள் போகிற கன்டெய்னர் லாரிகளின் வரிசையைப் பார்த்தே அன்றைய வேலை எப்படி இருக்கும் என்று சொல்லிவிடுகிறவர்கள் அவர்கள்.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையில் கீழ்த்தளத்தில் தண்ணீர் புகுந்தது. அதற்குப் பிறகு சர்வரை இரண்டாம் மாடியில் ஒரு சின்ன அறைக்கு மாற்றியிருந்தார்கள். ஒரே ஒரு டவர் சர்வர். ரெய்டு கார்டில் இரண்டு 960 ஜிபி எஸ்எஸ்டி ஒன்றுக்கொன்று பிரதியாக ஓடின. மேலே ப்ராக்ஸ்மாக்ஸ், ஒரே கம்ப்யூட்டருக்குள் பல மெய்நிகர் கம்ப்யூட்டர்களை ஓட்டும் மென்பொருள். அதில் மூன்று மெய்நிகர் கம்ப்யூட்டர்கள், அதாவது விர்ச்சுவல் மெஷின்கள். இவற்றைக் கெஸ்ட் என்றும், இவற்றைத் தாங்கும் சர்வரை ஹோஸ்ட் என்றும் சொல்வோம். முதலாவது லினக்ஸ்: ஜாப், அதாவது ஒவ்வொரு சரக்கு வேலையின், விவரங்கள் இருக்கும் மரியாடிபி டேட்டாபேஸும், ஸ்கேன் செய்த இன்வாய்ஸ், பேக்கிங் லிஸ்ட், பில் ஆஃப் லேடிங் பிடிஎஃப்களும் இதில்தான். இரண்டாவது விண்டோஸ், டேலி கணக்குக்காக. மூன்றாவது எப்போதாவது பயன்படுத்தும் ஒரு சோதனை மெஷின்.

டிஸ்க் இடம் எல்விஎம் (லினக்ஸின் டிஸ்க் பிரிக்கும் வசதி) தின் பூல் முறையில் பிரிக்கப்பட்டிருந்தது. இந்த நிகழ்வின் வேர் இதில் இருப்பதால் கொஞ்சம் விளக்க வேண்டும். தின் பூலில் ஒரு மெஷினுக்கு 600 ஜிபி டிஸ்க் கொடுத்தால், அந்த 600 ஜிபி உடனே ஒதுக்கப்படுவதில்லை. மெஷின் எழுத எழுத, பூலிலிருந்து துண்டு துண்டாக எடுத்துக் கொடுக்கப்படும். அதனால் கையில் இருப்பதைவிட அதிக இடத்தை வாக்குக் கொடுக்க முடியும். இங்கே பூலின் அளவு சுமார் 790 ஜிபி. மூன்று மெஷின்களுக்கும் சேர்த்துக் கொடுத்த வாக்கு 1,050 ஜிபி. பந்திக்கு இருக்கிற இலையைவிட அதிகம் பேருக்குப் பத்திரிகை வைத்தது போல. எல்லோரும் ஒரே வேளையில் வராதவரை சிக்கல் இல்லை.

தின் பூல் தவறான முறை அல்ல. நானும் பல இடங்களில் பயன்படுத்துகிறேன். ஆனால் பூல் எவ்வளவு நிரம்பியிருக்கிறது என்று யாராவது பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். இங்கே அப்படிப் பார்க்க யாரும் நியமிக்கப்படவில்லை.

பேக்கப் இருந்தது. தினமும் இரவு 1 மணிக்கு மூன்று மெஷின்களும் மொத்தமாக, நெட்வொர்க் வழியே கோப்புகளைச் சேமிக்கும் ஒரு நாஸ் பெட்டிக்குப் போயின. கடைசி மூன்று பேக்கப் மட்டும் வைத்துக்கொண்டு பழையதை அழித்துவிடும்படி அமைப்பு. ஒவ்வொரு நாளும் "வெற்றி" என்று மின்னஞ்சல் வந்துகொண்டிருந்தது.

புதன் மாலையும் வியாழனும்

நான் திங்கட்கிழமைதான் அழைக்கப்பட்டேன். அதற்கு முன் நடந்ததை ஹோஸ்டின் லாகிலிருந்தும் (நிகழ்வுப் பதிவு), சர்வரைப் பராமரிக்கும் கடையின் இளைஞர் சொன்னதிலிருந்தும் தொகுத்தேன்.

புதன் மாலை ஆறு மணிக்கு மேல் ஜாப் மென்பொருள் நின்றது. புதிய ஸ்கேன் எதுவும் ஏறவில்லை. டேலியும் உறைந்துபோனது. மழை நாள், நடுநடுவே கரண்ட் போய் வந்தது. அதனால் மறுநாள் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டார்கள். வியாழன் காலை அந்த இளைஞர் வந்தார். லினக்ஸ் மெஷின் 'வெறும் வாசிப்பு' நிலைக்குப் போயிருந்தது. ரீபூட் செய்தார். ஃபைல் சிஸ்டத்தை (எந்தக் கோப்பு டிஸ்க்கில் எங்கே இருக்கிறது என்ற கணக்கு) சரிபார்க்கச் சொல்லி பூட் நின்றது. எல்லாக் கேள்விக்கும் "ஆம்" என்று பதில் சொல்லும் முறையில், ஃபைல் சிஸ்டத்தைப் பழுது பார்க்கும் எஃப்எஸ்செக் கருவியை ஓட்டினார். அது நீளமாக ஓடி முடிந்தது, மெஷின் எழவில்லை. அப்புறம்தான் ஹோஸ்டில் பூல் 100 சதவீதம் என்று இருப்பதைக் கவனித்தார். மூன்று மாதம் முன்பு மென்பொருளைப் புதுப்பித்தபோது எடுத்த ஸ்னாப்ஷாட் (டிஸ்க்கின் அந்த நேரத்து நிலையைப் பிடித்து வைத்த பிரதி) ஒன்று அப்படியே கிடந்தது. அதை நீக்கினார். இடம் கிடைத்தது. மறுபடி பூட் செய்தார். இந்த முறை ஃபைல் சிஸ்டம் "சுத்தம்" என்று சொல்லி மெஷின் எழுந்தது. டேலி மெஷினை 'தொடர்' என்று அழுத்தினார், அதுவும் ஓடியது. மதியத்துக்குள் அலுவலகம் வழக்கத்துக்கு வந்துவிட்டது.

அவரைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. பின்னால் என்னிடம் அவர் சொன்னது: "அண்ணே, உள்ள போய் டிஎஃப் போட்டுப் பார்த்தேன், 40 பர்சன்ட் ஃப்ரீன்னு காட்டுச்சு. டிஸ்க் ஃபுல்லுன்னு எப்படிண்ணே தோணும்?" நியாயமான கேள்வி. கெஸ்ட்டுக்குள் இருந்து பார்த்தால் பூல் கண்ணுக்கே தெரியாது. உள்ளே அழித்த கோப்புகளின் இடமும் பூலுக்குத் திரும்பி வராது, டிஸ்கார்டு வசதியை இயக்கினால் தவிர. இங்கே அது இயக்கப்படவில்லை. போதாததற்கு அந்த மூன்று மாத ஸ்னாப்ஷாட், மாறிய ஒவ்வொரு துண்டின் பழைய பிரதியையும் பிடித்து வைத்திருந்தது.

திங்கட்கிழமை கவனித்தவை

கணக்குப் பார்க்கும் அக்காதான் முதலில் கண்டுபிடித்தார். இருபது வருடமாக அங்கே இருப்பவர். பழைய ஜாப் ஒன்றின் இன்வாய்ஸைத் திறந்தால் "கோப்பு சேதமடைந்துள்ளது" என்று வந்தது. பெயர் சரி, அளவு சரி, தேதி சரி, திறக்கவில்லை. இன்னொரு ஜாபில் வேறு கட்சிக்காரரின் (வாடிக்கையாளரின்) பேக்கிங் லிஸ்ட் திறந்தது. இரண்டாவது விஷயம்தான் அவரைப் பயமுறுத்தியது. காணாமல் போனால் தேடலாம், மாறிப்போனால் எதை நம்புவது என்று கேட்டார்.

நான் போனபோது நிலைமை இப்படி:

மரியாடிபி ஓடிக்கொண்டிருந்தது. ஆனால் ஜாப் நிலவரப் பதிவேட்டை முழுதாகப் படிக்கச் சொன்னால் நடுவில் செத்து, தானாக மீண்டும் எழுந்தது. அதன் லாகில் பக்கச் சேதம் பற்றிய வரிகள் வெள்ளிக்கிழமையிலிருந்தே இருந்தன. லாஸ்ட்-அண்ட்-ஃபவுண்ட் அடைவில் (பெயர் தெரியாமல் போன கோப்புகளை எஃப்எஸ்செக் போடும் இடம்) எண்களை மட்டும் பெயராகக் கொண்ட ஆயிரக்கணக்கான கோப்புகள். ஹோஸ்டில் பூல் 94 சதவீதம், மறுபடி ஏறிக்கொண்டிருந்தது.

காரணம் பற்றி அங்கே ஏற்கெனவே இரண்டு கருத்து இருந்தது. முதலாளி கரண்ட் கட் என்றார். இளைஞர் கடல் காற்றைச் சொன்னார். அந்தப் பகுதியில் உப்புக் காற்றில் கனெக்டர்கள் பச்சை பூத்துப்போவது உண்மைதான். இரண்டையும் ஒதுக்கிவிடாமல் சோதிக்க வேண்டும் என்று குறித்துக்கொண்டேன். ஆனால் முதலில் செய்ய வேண்டியது அது அல்ல.

முதல் முடிவு: இரவு பேக்கப்பை நிறுத்துவது

முதலில் தொட்டது நாஸ் பெட்டியைத்தான். தானியங்கி பேக்கப்பையும், பழையதை அழிக்கும் வேலையையும் நிறுத்தினேன். அதில் சனி, ஞாயிறு, திங்கள் என்று மூன்று பிரதிகள் மட்டுமே இருந்தன. மூன்றும் சேதத்துக்குப் பிந்தியவை. புதன் அதிகாலையில் எடுத்த கடைசி நல்ல பேக்கப், சனிக்கிழமை அதிகாலையிலேயே அழிந்துவிட்டது.

இந்த வகை பேக்கப் மெஷினின் டிஸ்க்கைத் துண்டு துண்டாகப் படித்து அப்படியே எழுதுகிறது. உள்ளே இருக்கும் ஃபைல் சிஸ்டம் நலமா, டேட்டாபேஸ் திறக்குமா என்பது அதற்குத் தெரியாது. தெரிய வேண்டியதும் இல்லை. சேதமான டிஸ்க்கை மிகச் சரியாகப் பிரதி எடுத்து "வெற்றி" என்று மின்னஞ்சல் அனுப்பும். அதனால் சேதத்தைக் கண்டுபிடிக்க ஆகும் நாட்களைவிடக் குறைவான நாட்களுக்குப் பேக்கப் வைத்திருந்தால், அந்த பேக்கப் இருந்தும் பயனில்லாமல் போகும். இருந்தாலும் அந்த மூன்றையும் எடுத்து வைத்தோம். திங்கட்கிழமையைவிட சனிக்கிழமைப் பிரதியில் சேதம் குறைவாக இருக்கும் என்று கணக்கு.

இரண்டாவது முடிவு: பழுது பார்க்காமல் பிரதி எடுப்பது

லினக்ஸ் மெஷினை நிறுத்தச் சொன்னதும் முதலாளி ஒத்துக்கொள்ளவில்லை. "சார், நாளைக்கு கப்பல் உள்ள வருது. இன்னைக்கு பைல் பண்ணணும். நீங்க காப்பி எடுத்து முடிக்கிற வரைக்கும் நான் கையக் கட்டிக்கிட்டு உக்காரணுமா?" என்றார்.

அவர் கவலையில் காரணம் இருந்தது. 2021இல் வந்த திருத்தத்தின்படி, கப்பல் வந்து சேரும் நாளுக்கு முந்தின நாள் முடிவதற்குள் பில் ஆஃப் என்ட்ரி தாக்கல் ஆக வேண்டும். தவறினால் முதல் மூன்று நாளைக்கு நாளொன்றுக்கு 5,000 ரூபாய், அதற்கு மேல் நாளொன்றுக்கு 10,000 ரூபாய் தாமதக் கட்டணம். கட்சிக்காரருக்கு இதை விளக்கிச் சொல்வது கட்டணத்தைவிடக் கஷ்டம்.

ஆனால் அந்த மெஷின் ஓடுகிற ஒவ்வொரு நிமிடமும் சேதம் வளரும் என்பதற்கு அடையாளம் இருந்தது. வேறு கட்சிக்காரரின் கோப்பு திறந்தது என்றால், எந்த இடம் காலி, எந்த இடம் நிரம்பியது என்ற கணக்கே ஃபைல் சிஸ்டத்தில் பிழையாக இருக்கிறது என்று பொருள். காலி என்று நினைத்து, நல்ல கோப்பின் மேலேயே புதுக் கோப்பை எழுதிக்கொண்டிருக்கலாம். இதை முதலாளிக்கு ஒரே வரியில் சொன்னேன்: "இன்னைக்கு ஏத்துற ஒவ்வொரு ஸ்கேனும் பழசு ஒண்ணை அழிக்கலாம்." நிறுத்தச் சம்மதித்தார்.

அவசரமான தாக்கல்களுக்கு வேறு வழி பார்த்தோம். தாக்கல் நடப்பது சுங்கத்துறையின் ஐஸ்கேட் தளத்தில். அதற்கும் இந்த சர்வருக்கும் தொடர்பில்லை. இறக்குமதியாளர்கள் அனுப்பிய ஆவணங்கள் மின்னஞ்சலில் அப்படியே இருந்தன. அக்கா ஒரு பட்டியல் போட்டு, அன்றைக்கே போக வேண்டியவற்றை வேறு ஒரு கம்ப்யூட்டரில் கையால் தயாரிக்க இருவரை உட்கார வைத்தார். சர்வரில் எனக்கு அவகாசம் கிடைத்தது இந்த ஏற்பாட்டால்தான்.

ரிச்சி தெருவிலிருந்து 2 டிபி வெளி டிஸ்க் ஒன்று வாங்கி வரச் செய்தோம். மெஷினை அணைத்த நிலையில், அதன் 600 ஜிபி டிஸ்க்கை டிடிரெஸ்க்யூ என்ற பிரதி எடுக்கும் கருவி கொண்டு முழுமையாக ஒரே கோப்பாக எடுத்தேன். ஒன்றரை மணி நேரம் பிடித்தது. படிக்க முடியாத இடம் ஒன்றுகூட இல்லை. இதை ஒரு தடயமாகக் குறித்துக்கொண்டேன். எஸ்எஸ்டி பழுது என்றால் இங்கே எங்காவது தடுக்கியிருக்கும்.

ஸ்னாப்ஷாட் எடுத்துக்கொண்டு அதில் வேலை செய்யலாமே என்று இளைஞர் கேட்டார். பூல் 94 சதவீதத்தில் இருக்கும்போது புது ஸ்னாப்ஷாட் எடுத்தால், அடுத்து எழுதுவதெல்லாம் புது இடம் கேட்கும். அதே பள்ளத்தில் மறுபடி விழுவோம்.

எடுத்த பிரதியையும் நான் தொடவில்லை. அதற்கு மேல் க்யூகௌ2 வடிவில் ஒரு மேலடுக்குக் கோப்பு உருவாக்கி, அடியில் இந்தப் பிரதியை ஆதாரமாகக் காட்டினேன். இப்படிச் செய்தால் படிப்பது பிரதியிலிருந்து நடக்கும், எழுதுவது மேலடுக்கில் மட்டும் விழும். ஒரு முயற்சி தப்பினால் மேலடுக்கை அழித்துவிட்டு புதிதாக ஒன்று தொடங்கலாம். கணநேர வேலை. இது தெரிந்திருந்தால் எஃப்எஸ்செக்கைப் பயமில்லாமல் பல விதமாக ஓட்டிப் பார்க்க முடியும்.

காரணத்தைத் தேடியது

பிரதி கையில் வந்த பிறகு ஹோஸ்ட்டின் கர்னல் (இயங்குதளத்தின் மையப் பகுதி) லாகைப் படித்தேன். புதன் மாலையில் வரிசையாக இந்தச் செய்திகள் இருந்தன. தின் பூலில் காலி இடம் குறைந்தபட்ச அளவைத் தொட்டுவிட்டது என்று ஒன்று. பிறகு, இடம் தீர்ந்தது, எழுதுவதைக் காத்திருக்க வைக்கிறேன் என்று. சரியாக 60 நொடி கழித்து, இனி எழுத வந்தால் பிழை திருப்புவேன் என்று. அந்த 60 நொடி, தின் பூலை நடத்தும் டிவைஸ் மேப்பரின் இயல்பான காத்திருப்பு நேரம். அதற்குள் யாராவது இடம் சேர்த்தால் ஒன்றும் ஆகாது. அதற்குப் பின்னால், ஒரே ஒரு மெஷினின் டிஸ்க் பற்றி மட்டும், "பக்கத்தை எழுத முடியவில்லை, இழந்தேன்" என்ற பொருளில் பக்கம் பக்கமாக வரிகள்.

யுபிஎஸ் பதிவில் அன்று மாலை மின்தடை இருந்தது, ஆனால் சர்வர் அணையவில்லை; ஹோஸ்ட் மாதக்கணக்கில் தொடர்ந்து ஓடிக்கொண்டிருந்ததை அதன் லாகே காட்டியது. எஸ்எஸ்டிகளின் ஸ்மார்ட் (டிஸ்க் தன் நலம் பற்றி வைத்திருக்கும் கணக்கு) விவரத்தில் மாற்றி ஒதுக்கிய செக்டர் எதுவும் இல்லை; கேபிள் கோளாறைக் காட்டும் சிஆர்சி எண்ணிக்கையும் பூஜ்யம். ரெய்டு கார்டு இரண்டு டிஸ்க்கும் நலம் என்றது. அன்றிரவு நினைவகத்தைச் சோதிக்கும் மெம்டெஸ்ட் ஓட்டினோம். காலைவரை பிழை இல்லை. ஆக கரண்ட்டும் இல்லை, கடல் காற்றும் இல்லை.

ஒரு கேள்வி மட்டும் நின்றது. மூன்று மெஷின்களும் ஒரே பூலில்தான் இருந்தன. டேலி மெஷினுக்கும் அதே நேரத்தில்தான் இடம் தீர்ந்தது. அது ஏன் தப்பித்தது? டேலியைத் திறந்து, செவ்வாயன்று அச்சிட்டு வைத்திருந்த டிரயல் பேலன்ஸோடு அக்கா ஒவ்வொரு தொகையாக ஒப்பிட்டார். ஒரு ரூபாய் வித்தியாசம் இல்லை.

விடை இரண்டு மெஷின்களின் அமைப்புக் கோப்பை அருகருகே வைத்துப் பார்த்ததில் கிடைத்தது. டேலி மெஷினின் டிஸ்க் 'கேஷ் இல்லை' என்ற இயல்பு அமைப்பில் இருந்தது. லினக்ஸ் மெஷினில் வேகத்துக்காக யாரோ 'ரைட்பேக்' என்று மாற்றியிருந்தார்கள்.

கேஷ் இல்லாதபோது, கெஸ்ட் எழுதுவது நேராக டிஸ்க்கைத் தேடிப் போகிறது. இடம் இல்லை என்ற பிழை நேராக, மெஷினை ஓட்டும் கெமு மென்பொருளுக்குத் திரும்பி வருகிறது. கெமுவின் இயல்பு, இடம் இல்லை என்ற பிழை வந்தால் அதைக் கெஸ்ட்டிடம் சொல்லாமல் மெஷினை அப்படியே நிறுத்தி வைப்பது. ப்ராக்ஸ்மாக்ஸ் திரையில் 'ஐஓ எரர்' என்று மஞ்சள் முக்கோணம் வரும். இடம் கிடைத்த பிறகு 'தொடர்' அழுத்தினால் விட்ட இடத்திலிருந்தே எழுதும். டேலி மெஷின் புதன் மாலை முதல் வியாழன் மதியம்வரை இப்படி உறைந்து கிடந்தது. அதனால்தான் ஒன்றும் இழக்கவில்லை.

ரைட்பேக்கில் கதையே வேறு. கெஸ்ட் எழுதுவது முதலில் ஹோஸ்ட்டின் நினைவகத்தில் விழுகிறது. "எழுதியாயிற்று" என்று பதிலும் போய்விடுகிறது. பிறகு ஹோஸ்ட் சாவகாசமாக டிஸ்க்குக்கு அனுப்பும்போதுதான் இடம் இல்லை என்று தெரிகிறது. அந்த நேரத்தில் யாரிடம் சொல்வது? பக்கம் தொலைந்தது என்று ஹோஸ்ட் லாகில் ஒரு வரி. கெஸ்ட் அடுத்த முறை ஃப்ளஷ் (எழுதியதையெல்லாம் டிஸ்க்கில் சேர்த்துவிடு என்ற கட்டளை) கேட்கும்போது பொதுவான ஒரு ஐஓ பிழை. எது போனது, எது சேர்ந்தது என்ற விவரம் இல்லை. பிழையைப் பார்த்த இஎக்ஸ்டி4 (லினக்ஸ் மெஷினின் ஃபைல் சிஸ்டம்), மாற்றங்களை முன்கூட்டியே குறித்துவைக்கும் தன் ஜர்னலைக் கைவிட்டு 'வெறும் வாசிப்பு' நிலைக்குப் போனது. அதற்குள் எழுதியவற்றில் சில டிஸ்க்கைச் சேர்ந்திருந்தன, சில தொலைந்திருந்தன.

வியாழக்கிழமை எஃப்எஸ்செக்கும் இப்படித்தான் ஓடியது. பூல் நிரம்பிய நிலையில், அதே ரைட்பேக் வழியாக அது எழுதிய திருத்தங்களில் ஒரு பகுதி டிஸ்க்கைச் சேரவே இல்லை. ஏற்கெனவே ஒதுக்கப்பட்டிருந்த துண்டில் இருந்த சூப்பர்பிளாக்கில் (ஃபைல் சிஸ்டத்தின் தலைப்புப் பகுதி) "சுத்தம்" என்ற குறி மட்டும் விழுந்துவிட்டது. காலி இடக் கணக்கில் செய்த திருத்தங்கள் தொலைந்தன. அடுத்த பூட்டில் ஃபைல் சிஸ்டம் தன்னை நலம் என்று நம்பியது. வெள்ளி, சனி என்று பிழையான கணக்கை வைத்துக்கொண்டு நல்ல கோப்புகளின் மேல் எழுதியது. அக்கா கண்ட "வேறு கட்சிக்காரரின் பேக்கிங் லிஸ்ட்" அங்கிருந்து வந்தது.

மீட்பு

முதலில் டேட்டாபேஸ், பிறகு பிடிஎஃப் என்று வரிசை வைத்தேன். காரணம், இந்த மென்பொருளை எழுதியவர் ஒவ்வொரு கோப்பையும் ஏற்றும்போது அதன் அளவையும் எம்டி5 கணக்கையும் (உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடும், கைரேகை போன்ற எண்) டேட்டாபேஸில் பதிந்திருந்தார். அந்தப் பதிவு கிடைத்தால் எந்தக் கோப்பு உண்மையானது என்று சந்தேகமில்லாமல் சொல்ல முடியும். எழுதியவருக்கு மனதார நன்றி சொன்னேன்.

சனிக்கிழமைப் பேக்கப்பின் மேலும், திங்கட்கிழமைப் பிரதியின் மேலும் தனித்தனி மேலடுக்கு வைத்து, எதையும் மாற்றாத முறையில் எஃப்எஸ்செக் ஓட்டிப் பார்த்தேன். எதிர்பார்த்ததுபோல சனிக்கிழமையில் புகார்கள் குறைவு. அதன் டேட்டாபேஸ் அடைவை அடிப்படையாக எடுத்துக்கொண்டேன். ஜர்னலைத் திரும்ப ஓட்டாமல், வெறும் வாசிப்பாக மவுன்ட் செய்து (இணைத்து) கோப்புகளை வெளியே எடுத்தேன். வெறும் வாசிப்பு என்று சொன்னாலும் இஎக்ஸ்டி4 மவுன்ட் ஆகும்போது ஜர்னலை ஓட்டிவிடும். வேண்டாம் என்று தனியாகச் சொல்ல வேண்டும். பலர் அறியாத இடம் இது.

மரியாடிபியில் 'ஃபோர்ஸ் ரெக்கவரி' என்ற அமைப்பு 1 முதல் 6 வரை உண்டு. 1 என்பது சேதமான பக்கத்தைக் கண்டாலும் நிற்காமல் தாண்டிப் போகும். 4 அல்லது அதற்கு மேல் போனால் தரவு நிரந்தரமாகக் கெட வாய்ப்பு உண்டு. பிரதியின் பிரதியில் வேலை செய்தாலும் 1க்கு மேல் போகவில்லை, தேவைப்படவும் இல்லை. ஒவ்வொரு பதிவேட்டையும் தனித்தனியாக டம்ப் (தரவை வரி வரியாகப் படித்து எழுதிய கோப்பு) எடுத்தோம். இரண்டைத் தவிர எல்லாம் முழுதாக வந்தன. ஜாப் நிலவரம், கோப்புப் பட்டியல் ஆகிய இரண்டும் சேதப் பக்கம் வந்ததும் அறுந்தன. அவற்றை ஜாப் எண் வரிசையில் சிறு சிறு பகுதியாகக் கேட்டு, நல்லதை எடுத்து, தடுக்கும் இடத்தைத் தாண்டினோம். சனிக்கிழமைக்குப் பின் ஏறிய வரிகளைத் திங்கட்கிழமைப் பிரதியிலிருந்து அதே முறையில் எடுத்துச் சேர்த்தோம்.

தாண்டிய இடங்களை நிரப்பக் கைகொடுத்தது ஒரு பழைய வழக்கம். தினமும் மாலை வீட்டுக்குக் கிளம்பும் முன் அக்கா அன்றைய ஜாப்களை எக்செல்லில் எடுத்து முதலாளிக்கு மின்னஞ்சல் அனுப்புவார். மென்பொருள் வருவதற்கு முன்பிருந்தே செய்கிற வேலை. "இப்ப எதுக்குக்கா" என்று மற்றவர்கள் கேட்டும் நிறுத்தவில்லை. விடுபட்ட வரிகளில் பெரும்பகுதி அந்த எக்செல்களில் இருந்தன. மீதி ஐஸ்கேட் அனுப்பிய ஒப்புகை மின்னஞ்சல்களில்.

அடுத்து பிடிஎஃப்கள். ஒவ்வொன்றின் எம்டி5ஐயும் கணக்கிட்டு டேட்டாபேஸோடு ஒப்பிடச் சின்ன நிரல் ஒன்று எழுதினேன். பொருந்தாதவை இரண்டு வகை. சிலவற்றில் உள்ளே முழுக்கப் பூஜ்யம். கோப்பின் பெயரும் அளவும் பதிவாகி, உள்ளடக்கம் மட்டும் பூலில் இடம் கிடைக்காமல் போனவை. ஒதுக்கப்படாத துண்டைப் படித்தால் தின் பூல் பூஜ்யத்தைத்தான் தரும். மற்றவை மேலே வேறொன்று எழுதப்பட்டவை. லாஸ்ட்-அண்ட்-ஃபவுண்டில் பெயரில்லாமல் கிடந்தவற்றுக்கும் எம்டி5 கணக்கிட்டதில், பாதிக்கு மேல் தம் பழைய பெயரையும் இடத்தையும் திரும்பப் பெற்றன. அந்தப் பட்டியல் திரையில் ஓடியபோது இளைஞர் எழுந்து நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

பழைய மெஷினை மறுபடி ஓட்டவில்லை. பழுது பார்த்த ஃபைல் சிஸ்டத்தின் மேல் தொழில் நடத்துவது எனக்கு ஒப்புதல் இல்லாத காரியம். எஃப்எஸ்செக் செய்வது ஃபைல் சிஸ்டத்தின் கணக்கை முரண்பாடு இல்லாமல் ஆக்குவது. உள்ளே இருக்கும் தரவு சரியா என்பது அதன் வேலை அல்ல. கணக்கு ஒத்துப்போவதற்காக ஒரு நல்ல கோப்பைத் துண்டிக்கவும் அது தயங்காது. புது மெஷினில் புதிதாக லினக்ஸும் மரியாடிபியும் நிறுவி, சரிபார்த்த டம்பையும் எம்டி5 பொருந்திய கோப்புகளையும் மட்டும் ஏற்றினோம்.

விளைவு

அந்த வாரம் வியாழக்கிழமை அலுவலகம் புது மெஷினில் வேலையைத் தொடங்கியது. ஒரு சரக்கின் தாக்கல் ஒரு நாள் தள்ளிப்போய் 5,000 ரூபாய் கட்டணம் வந்தது. அதைக் கட்சிக்காரரின் பில்லில் சேர்க்காமல் முதலாளியே கட்டினார்.

ஜாப் விவரங்கள் எல்லாம் திரும்பின. பிடிஎஃப்களில் ஒரு பங்கு திரும்பவில்லை. சுங்கத் தரகர்கள் தம் ஆவணங்களைக் குறைந்தது ஐந்து ஆண்டு பாதுகாக்க வேண்டும் என்பது 2018ஆம் ஆண்டின் உரிம விதிமுறை. அதனால் காகிதக் கோப்புகள் பரணில் கட்டுக்கட்டாக இருந்தன. இல்லாதவற்றின் பட்டியலை எடுத்து, கட்டுகளைப் பிரித்து, மறுபடி ஸ்கேன் செய்ய இரண்டு பையன்களை வைத்தார்கள். காகிதமாகவும் இல்லாதவை, மின்னஞ்சலில் மட்டும் வந்து நேராக ஏற்றப்பட்டவை. அவற்றுக்குக் கட்சிக்காரர்களிடம் மறுபிரதி கேட்கப்பட்டது. பெரும்பாலோர் கொடுத்தார்கள், சில ஆவணங்கள் கடைசிவரை வரவில்லை.

மாற்றியவையும் மாற்ற வேண்டியவையும்

எல்லா மெஷினிலும் டிஸ்க் கேஷ் 'இல்லை' என்று ஆக்கப்பட்டது. வேகம் குறைந்ததாக யாரும் புகார் சொல்லவில்லை. டிஸ்கார்டு இயக்கி, கெஸ்ட்டுக்குள் வாரம் ஒருமுறை, காலி இடத்தைப் பூலுக்குத் திருப்பும் எஃப்எஸ்ட்ரிம் ஓடும்படி வைத்தோம். சேதமான பழைய டிஸ்க்கை நீக்கியதும் இதுவும் சேர்ந்து பூல் 61 சதவீதத்துக்கு இறங்கியது. ஸ்கேன் கோப்புகளுக்குத் தனியாக, முழு இடமும் முன்பே ஒதுக்கிய டிஸ்க் ஒன்று கொடுத்தோம். வளர்கிற பொருளை வாக்குறுதி இடத்தில் வைக்கக் கூடாது என்பது என் உறுதியான கருத்து.

பூல் 80 சதவீதம் தாண்டினால் முதலாளி, இளைஞர் இருவர் போனுக்கும் செய்தி போகும். தரவு இடத்தோடு பூலின் மெட்டாடேட்டா (எந்தத் துண்டு யாருடையது என்ற கணக்கு) இடத்தையும் அதே கணக்கில் கண்காணிக்கிறோம். அது நிரம்பினால் மீட்பு இன்னும் சிரமம். ஏழு நாளுக்கு மேல் பழைய ஸ்னாப்ஷாட் இருந்தால் அதற்கும் செய்தி போகும்.

பேக்கப் இப்போது தினசரி ஏழு, வாராந்திரம் நான்கு, மாதாந்திரம் ஆறு. அதோடு தினமும் டேட்டாபேஸின் டம்ப் தனியாக. முழு மெஷின் பிரதி சேதத்தை அப்படியே சுமந்து போகும். டம்ப் எடுக்கும்போது ஒவ்வொரு வரியையும் டேட்டாபேஸ் படித்தாக வேண்டும், சேதம் இருந்தால் அங்கே தடுக்கி நிற்கும். வெள்ளிக்கிழமை அதிகாலையே இந்த டம்ப் ஓடியிருந்தால் அப்போதே தெரிந்திருக்கும். புதன்கிழமை பேக்கப்பும் அப்போது கையில் இருந்திருக்கும். எம்டி5 ஒப்பீட்டு நிரல் ஞாயிறுதோறும் ஓடி, பொருந்தாதவற்றின் பட்டியலை அக்காவுக்கு அனுப்புகிறது. மாதம் ஒருமுறை ஒரு பேக்கப்பைத் தனி மெஷினாக எழுப்பி, அக்கா சொல்லும் ஏதாவது ஒரு ஜாப் எண்ணைத் திறந்து பார்க்கிறார்கள். அவருடைய மாலை நேர எக்செல் தொடர்கிறது. இப்போது யாரும் எதுக்கு என்று கேட்பதில்லை.

பராமரிப்பு இளைஞருக்காக ஒரு பக்க நடைமுறை எழுதிக் கொடுத்தேன். மெஷின் 'வெறும் வாசிப்பு' நிலைக்குப் போனால் முதலில் ஹோஸ்டில் பூலையும் கர்னல் லாகையும் பார்ப்பது, இடம் தீர்ந்திருந்தால் இடம் உண்டாக்குவது, பழையதை அழிக்கும் பேக்கப் வேலையை நிறுத்துவது, பிரதி எடுப்பது, அதன் பிறகே, பிரதியின் மேலடுக்கில், எஃப்எஸ்செக். அவர் அதை எடுத்துக்கொண்டு தான் பராமரிக்கும் மற்ற சர்வர்களைப் பார்க்கப் போனார். மணலியில் ஒரு கிடங்கின் பூல் 96 சதவீதத்தில் ரைட்பேக்கோடு ஓடிக்கொண்டிருந்தது. அதை அன்றே சரிசெய்தார்.

இன்னும் தீராதது ஒன்று உண்டு. நாஸ் பெட்டியும் சர்வரும் ஒரே அறையில்தான் இருக்கின்றன. வாரப் பிரதியை மாதவரத்தில் உள்ள தன் கிடங்குக்குக் கொண்டுபோக முதலாளி ஒப்புக்கொண்டிருக்கிறார். இரண்டு டிஸ்க் வாங்கி மாற்றி மாற்றி அனுப்புவதா, இணையம் வழியாக அனுப்புவதா என்பது முடிவாகவில்லை. அதுவரை வெளி டிஸ்க் ஒன்று வெள்ளிக்கிழமைதோறும் அவர் வண்டியில் வீட்டுக்குப் போகிறது.